கமக்காரர் வீட்டுச் சிறு நாயும் அதன் உணவும்

வயலையோ மரக்கறித் தோட்டத்தையோ நம்பி வாழும் குடும்பங்களுள் நாய் வளர்க்காதவை மிகச் சிலவே. குடலைப் பருவத்து நெல்லுக்குப் பன்றி வரும் இரவிலும், வாழைக்குலைக்குக் குரங்கு வரும் பகலிலும் முதலிற் குரல் கொடுப்பது நாயே. முன்னர் இக்காவலுக்குப் பெரிய ஊர் நாய்களே வைக்கப்பட்டன. இப்போது பொமரேனியன், டக்சன்ட் முதலியவற்றின் கலப்பில் வந்த சிறு நாய்களையும் பலர் வைத்திருக்கின்றனர். இவை காவலுக்குக் குறைந்தவையல்ல. சிறு சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளும். ஆயினும் இவற்றுக்கு இடப்படும் உணவு பெரிய நாய்க்கு இட்டுப் பழகிய அதே உணவுதான்: மிஞ்சிய சோறு, அதன்மேல் ஊற்றிய குழம்பு, சில மீன் முள்.

ஊர் நாய் இவ்வுணவில் எப்படியோ பிழைத்துக்கொள்கிறது. அது வேலி தாண்டிச் சென்று எலி, நண்டு, கோழிக் குடல் எனக் கிடைத்ததைத் தின்று குறையை ஓரளவு நிரப்பிக்கொள்ளும். வளவுக்குள் அடைந்து கிடக்கும் சிறு நாய்க்கு அவ்வாய்ப்பு இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதன் உரோமம் உதிர்ந்து, முதுகெலும்பு தெரிந்து, குட்டி ஈன்றாற் பால் சுரவாத நிலை வந்துவிடுகின்றது. "இந்தச் சாதி நாய் எங்கள் ஊர் வெக்கைக்குச் சரிவராது" என்று வீட்டார் கூறிவிடுகின்றனர். வெக்கையின்மேல் சுமத்தப்படும் இக்குற்றத்திற் பெரும்பகுதி உணவுத் தட்டுக்கே உரியது.

வயிறு சிறிது, தேவை பெரிது

உடல் சிறிதாயின் உணவும் அதே அளவாகக் குறையும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. சிறிய உடல் தன் நிறைக்குக் கூடிய வெப்பத்தை இழப்பதால், ஒவ்வொரு கிலோகிராமுக்கும் கூடிய சத்தை வேண்டி நிற்கும். 24 கிலோகிராம் நிறையுள்ள நாய் 6 கிலோகிராம் நாயைவிட நான்கு மடங்கு பெரிது. ஆனால் அதற்கு வேண்டிய உணவு மூன்று மடங்குக்கும் குறைவே. 6 கிலோகிராம் நிறையுள்ள, ஓடியாடித் திரியும் வளர்ந்த நாய் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 430 கலோரி தேவைப்படும்.

இதனைச் சோற்றினால் மட்டும் கொடுப்பதானால், ஏறக்குறைய 330 கிராம் சோறு வேண்டும். அவ்வளவையும் அந்தச் சிறு வயிற்றில் அடைத்துவிட்டோம் என வைத்துக்கொள்வோம். அதிலிருந்து கிடைக்கும் புரதம் 9 கிராம் அளவே; இந்நாய்க்கு ஆகக் குறைந்தது 19 கிராம் வேண்டும். வயிறு நிரம்பியும் உடல் பட்டினி கிடப்பது என்பது இதுதான். பெரிய நாயின் வயிற்றிற் சோற்றோடு வேறு பொருள்களுக்கும் இடமிருக்கும். சிறு நாயின் வயிற்றில் முதலிற் சோறு நிரம்பினால் மீனுக்கு இடமில்லை. ஆகவே சிறு நாயின் உணவைத் தெரிவு செய்வோர் கேட்க வேண்டிய முதற் கேள்வி "எவ்வளவு தின்றது?" என்பதன்று, "தின்றதில் என்ன இருந்தது?" என்பதே.

நாயின் நிறையை அறிய மரக்கறி நிறுக்கும் தராசே போதும். நாயைக் கூடையொன்றில் இருத்தி நிறுத்து, கூடையின் நிறையைக் கழித்துக்கொள்க. மாதம் ஒருமுறை இவ்வாறு நிறுத்து, வீட்டு நாட்காட்டியிற் குறித்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத மெலிவும் கொழுப்பும் எண்ணிலே தெரிந்துவிடும்.

சோறு பகையன்று

நாய் ஓநாயின் வழிவந்த விலங்கு, அதற்குத் தானியம் ஆகாது என்னும் கருத்து அண்மைக் காலத்திற் பரவி வருகிறது. நெல் விளைப்போர் இதைக் கேட்டுக் கலங்க வேண்டியதில்லை. மாப்பொருளைச் செரிக்கச் செய்யும் நொதியத்துக்குரிய பரம்பரையலகு ஓநாயில் இரண்டே பிரதிகளாக இருக்க, நாயில் நான்கு முதல் முப்பது வரை காணப்படுவதாக 2013இற் சுவீடன் நாட்டு ஆய்வாளர் வெளியிட்டனர். மனிதன் பயிர் செய்யத் தொடங்கிய காலந்தொட்டு அவன் முற்றத்தில் நின்ற விலங்கு, அவன் உணவுக்குத் தன் உடலைப் பழக்கிக்கொண்டது என்பதே இதன் பொருள். நன்றாக வெந்த சோறு நாய்க்கு எளிதிற் செரிக்கும். சோற்றை மட்டும் நம்பியிருப்பதே தவறு.

சோற்றிலும் வேறுபாடு உண்டு. 1890களில் பத்தேவியா நகரில், அதாவது இன்றைய ஜக்கார்த்தாவில், எய்க்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர் தீட்டிய வெள்ளை அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு கொடுத்ததும் அவை தேறுவதையும் கண்டார். தவிட்டோடு நீங்கிப்போன அச்சத்து தயமின் என்னும் விற்றமின் எனப் பின்னர் அறியப்பட்டது. எய்க்மன் 1929இல் நோபல் பரிசு பெற்றார். கோழிக்கு மட்டுமன்றி நாய்க்கும் இச்சத்து வேண்டும். நெல்லை அவித்து உலர்த்திக் குற்றும்போது தயமின் அரிசியின் உள்ளே ஊறிவிடுவதால், புழுங்கலரிசிச் சோறு பச்சையரிசிச் சோற்றைவிட மேலானது. தவிட்டையே சேர்க்க விரும்புவோர் அன்று குற்றிய புதுத் தவிட்டிற் சிறிதளவு சோற்றோடு வேகவைக்கலாம். மூட்டையிற் கிடந்து காறல் மணம் வந்த தவிடு கூடாது.

மீன், முட்டை, ஈரல்

சோற்றுக்குத் துணையாக வேண்டியது விலங்குணவு. சூடை, சாளை, நெத்தலி போன்ற சிறு மீன்கள் விலையிற் குறைந்தும் சத்தில் உயர்ந்தும் இருப்பவை. கடல் தூரமான ஊர்களிற் குளத்துத் திலாப்பியா அவ்விடத்தை நிரப்பும். மீனைப் பச்சையாகக் கொடுத்தலாகாது. சிலவகை மீன்களில் தயமினை அழிக்கும் பொருளொன்று உண்டு. அவித்தால் அது கெட்டுவிடும். முட்டையின் வெள்ளைக்கருவும் அவ்வாறே அவித்துக் கொடுக்கற்பாலது.

1919ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் மெலன்பி என்னும் ஆய்வாளர், நாய்க்குட்டிகளைத் தானியக் கஞ்சியிலும் பாணிலும் வளர்த்தபோது அவற்றின் கால்கள் வளைந்து வலுவிழந்தன. மீனெண்ணெய் சேர்த்தவை நேராக வளர்ந்தன. பிள்ளைகளின் றிக்கற்சு நோய்க்கு வழி தெரிந்தது இவ்வாய்வினாலே. வெயில் நிறைந்த நம் நாட்டிலே இது வராது என்று எண்ணலாகாது. மனிதர் தம் தோலில் வெயிலைக் கொண்டு விற்றமின் டியை ஆக்கிக்கொள்வது போல் நாய் போதியளவு ஆக்கிக்கொள்ள இயலாது. அது உணவிலிருந்தே வர வேண்டும். கொழுப்புள்ள மீன், முட்டை மஞ்சட்கரு, ஈரல் ஆகியவற்றில் அது உண்டு. ஈரல் மிகச் சத்துள்ளது. ஆகையாற் கிழமைக்கு ஒரு முறை, 25 கிராம் அளவே போதும். நாள்தோறும் கொடுத்தால் விற்றமின் ஏ மிகுந்து எலும்புக்குக் கேடாகும்.

கல்சியமும் கவனிக்க வேண்டியது. சோறு, இறைச்சி, முள் நீக்கிய மீன் ஆகிய மூன்றிலும் அது மிகக் குறைவு. முட்டைக் கோதைக் கழுவி, அவித்து, உலர்த்தி, அம்மியில் மாவாக அரைத்து வைத்துக்கொண்டு, 6 கிலோகிராம் நாய்க்கு நாளொன்றுக்குத் தேக்கரண்டியிற் காற்பங்கு சேர்த்தால் அக்குறை தீரும். மாவு மிக நொய்தாயிருத்தல் வேண்டும்.

மேற்கூறிய 6 கிலோகிராம் நாய்க்கு ஒரு நாள் உணவு இவ்வாறு அமையலாம்: புழுங்கலரிசிச் சோறு 150 கிராம், அவித்து முள் நீக்கிய மீன் அல்லது கோழியிறைச்சி 100 கிராம், அவித்த முட்டை பாதி, பூசணி, கரட், போஞ்சி ஆகியவற்றுள் ஒன்று, வெந்து மசித்தது, 40 கிராம், எண்ணெய் ஒரு தேக்கரண்டி, முட்டைக் கோது மாவு. இதனை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் கொடுக்க. மீன் கிடையாத நாளில் ஒன்றரை முட்டையைக் கூட்டிக்கொள்ளலாம். வீட்டிற் சமைக்கும் உணவில் நாகம் முதலிய சில நுண்சத்துகள் குறைய நேரும். ஆகவே நெடுநாளைக்கு இதனையே கொடுப்போர் தம் பகுதி மிருக வைத்தியரிடம் கேட்டு ஏற்ற கனியுப்புக் கலவையைச் சேர்த்துக்கொள்ளுதல் நன்று.

இந்த அளவு தொடக்கத்துக்கே உரியது. நாயின் விலாவில் உள்ளங்கையை வைத்துப் பார்க்குக. எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்தித் தெரியலாகாது. கைக்கும் தட்டுப்படாவிடின் சோற்றையும் எண்ணெயையும் குறைக்க. கொழுத்த நாயைக் கண்டு மகிழ்வோர் பலர். 48 லபிறடோர் நாய்களைக் கொண்டு வாழ்நாள் முழுவதும் நடத்தி 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், உடன்பிறந்ததைவிடக் காற்பங்கு குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன.

குழம்புச் சட்டியிலுள்ள கேடு

நாய்க்கு வேண்டிய மீனைக் குழம்புக்கு மசாலை சேர்க்குமுன் எடுத்து வேறாக அவித்துக்கொள்ள வேண்டும். இது வீட்டுப் பெண்களுக்கு மேலதிக வேலை என்பதை நாம் அறிவோம். ஆயினும் இத்துண்டுப் பிரசுரத்தில் ஒன்றை மட்டுமே கடைப்பிடிக்க முடியுமெனின், இதனையே கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதற் காரணம் வெண்காயம். வெண்காயத்திலும் உள்ளியிலும் உள்ள கந்தகச் சேர்வைகள் நாயின் செங்குருதிக் கலங்களை உடைத்து இரத்தச்சோகையை உண்டாக்கும். நாயின் உடல் நிறையில் நூற்றுக்கு அரைப் பங்கு வெண்காயம் ஒரே தடவையில் உட்சென்றாற் கேடு விளையலாம். 24 கிலோகிராம் நாய்க்கு அது 120 கிராம்; 6 கிலோகிராம் நாய்க்கு 30 கிராம், அதாவது சின்ன வெண்காயம் மூன்று நான்கு. அவித்தாலும் பொரித்தாலும் இந்நஞ்சு நீங்காது. சிறிது சிறிதாக நாள்தோறும் சென்றாலும் கேடு சேர்ந்து வளரும். பெரிய நாய்க்கு ஒன்றும் செய்யாத குழம்பு சிறிய நாயின் முரசை வெளுக்கச் செய்வது இதனாலேயே. வெண்காயம் பயிரிடும் ஊர்களில் அறுவடைக்குப் பின் கழித்து ஒதுக்கும் குவியலிலும் நாயை விடலாகாது.

இரண்டாவது காரணம் புளி. திராட்சைப் பழம் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது முன்னரே தெரிந்தது. திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்தார் இதனை மனத்திற் கொள்க. அக்கேட்டுக்குக் காரணம் தாத்தாரிக்கமிலமாக இருக்கலாம் என 2021இல் அமெரிக்க மிருக வைத்தியர் கருத்து வெளியிட்டனர். புளியிலும் அவ்வமிலம் மிகுதியாக உண்டு. புளியம்பழம் தின்ற நாய்களில் அதே வகையான சிறுநீரகச் சேதம் கண்டதாக 2022இல் எழுதப்பட்டது. குழம்பிற் கரைந்த புளி சிறிதளவே என்பது உண்மை. ஆயின் நாய்க்குப் புளியினால் யாதொரு பயனும் இல்லாதபோது, சிறிதளவுதானும் எதற்கு?

கருவாட்டை இரு முறை நீர் மாற்றி ஊறவைத்து உப்பை நீக்கினாலன்றிக் கொடுக்கலாகாது. சமைத்த கோழியெலும்பு கூராகப் பிளந்து சிறு நாயின் குடலைக் குத்தும். தேங்காய்ப்பாலும் பொரித்த கொழுப்பும் மிகுந்தால் வாந்தியும் வயிற்று வலியும் உண்டாகும். மரவள்ளிக் கிழங்கின் தோலும் பச்சைக் கிழங்கும், பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கும் நஞ்சாகும். பிள்ளைகள் தின்னும் சொக்கிலேற்றும் அத்தகையதே.

களஞ்சியத்திலிருந்து வரும் நஞ்சு

பூஞ்சணம் பிடித்த சோளம், கச்சான், புண்ணாக்கு ஆகியவற்றை "மனிதருக்கு ஆகாது, நாய்க்குப் போடு" என்று ஒதுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இதைப்போற் கேடான சிக்கனம் வேறில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்திற் சேர்த்த கச்சான் புண்ணாக்கிற் பூஞ்சணம் சுரந்த நஞ்சே காரணம் எனப் பின்னர் கண்டறிந்து, அதற்கு அபிளாதொட்சின் எனப் பெயரிட்டனர். ஈரலைத் தாக்கும் இந்நஞ்சுக்கு நாய் எளிதில் இரையாகும். அது கொதிக்க வைத்தாலும் அழியாது; பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டாலும் உள்ளே தங்கியிருக்கும். கெட்ட தானியத்தை எருக்குழியில் இடுக.

கடையில் விற்கும் பொதியுணவு

நேரமில்லாதோர் பொதியிலடைத்த உலர் உணவை வாங்குவதிற் பிழையில்லை. பொதியின்மேலுள்ள நாய்ப்படத்தைப் பார்த்து வாங்காமல், பின்புறத்தை வாசித்து வாங்குக. "முழுமையான, சமநிலையான உணவு" என்னும் கருத்துடைய வாசகமும், அது வளர்ந்த நாய்க்கோ குட்டிக்கோ என்னும் குறிப்பும் இருத்தல் வேண்டும். உலர்நிலைக் கணக்கில் வளர்ந்த நாய்க்குப் புரதம் நூற்றுக்கு 18க்கும், குட்டிக்கு 22.5க்கும் குறையலாகாது என்பது அமெரிக்காவிற் பின்பற்றப்படும் ஆகக் குறைந்த அளவு. உருண்டைகள் சிறு நாயின் வாய்க்கு ஏற்ற பருமனாக இருக்க வேண்டும். 6 கிலோகிராம் நாய்க்கு நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் வரை போதியது. இவ்வளவு சிறிதாகச் செலவாவதால், பெரிய மூட்டை மலிவென்று வாங்குவது சிறு நாய் உடையோருக்கு நட்டமே. நம் ஈரக்காற்றில் அது முடியுமுன் காறிப் பூஞ்சணம் பிடித்துவிடும். திறந்த சாக்கிலிருந்து அள்ளி நிறுத்து விற்பதை வாங்க வேண்டாம். "தானியமில்லாதது" என்று கூடிய விலைக்கு விற்கப்படும் வகைகளைத் தேட வேண்டிய தேவையும் இல்லை; அரிசியை நீக்கிப் பட்டாணி, பருப்பு மிகுதியாகச் சேர்த்த சில உணவுகளுக்கும் நாய்களின் இருதய நோய்க்கும் தொடர்புண்டோ என 2018இல் அமெரிக்க அரசாங்கம் விசாரணை தொடங்கியது; அவ்வையம் முற்றாகத் தீரவில்லை.

ஓருணவிலிருந்து மற்றோருணவுக்கு ஒரே நாளில் மாற்றலாகாது. ஒரு கிழமையிற் சிறிது சிறிதாக மாற்றுக.

குட்டிகளும் கொழுக்கிப் புழுவும்

மூன்று மாதம் நிறையாத சிறு குட்டிகளுக்கு நாளொன்றுக்கு நான்கு முறை உணவு வேண்டும்; ஆறு மாதம் வரை மூன்று முறை. மாலையில் உண்டு மறுநாள் நெடுநேரம் பட்டினி கிடந்த குட்டி இரத்தத்திற் சீனி குறைந்து, நடுங்கி, மயங்கி விழக்கூடும். அப்போது சீனிப் பாணியையோ தேனையோ விரலில் தொட்டு அதன் முரசிற் பூசி, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்க. விழுங்க இயலாத குட்டியின் வாயில் எதனையும் ஊற்ற வேண்டாம்.

நன்றாக உண்டும் குட்டி தேறாமல், வயிறு பருத்து, முரசு வெளுத்திருப்பின், உணவைத் தின்பது குட்டியன்று, புழுவே. நாய்களிற் காணும் கொழுக்கிப் புழுவகை ஒன்றுக்கு அங்கிலொஸ்டோமா சிலானிக்கம் என்று பெயர். இலங்கைப் புனுகுப் பூனை ஒன்றிலிருந்து 1911இல் முதன்முதல் விவரிக்கப்பட்டதனால் நம் நாட்டின் பெயரே அதற்கு இடப்பட்டது, பெருமைப்படத்தக்க பெயரன்று. அது மனிதரின் குடலிலும் வாழ வல்லது. நாயின் மலத்திலிருந்து மண்ணுக்கு வந்து, வெறுங்காலோடு திரியும் பிள்ளைகளின் தோலைத் துளைத்து உட்செல்லும். எனவே குட்டிக்கு இரண்டு கிழமை வயது முதல் எட்டுக் கிழமை வரை இரு கிழமைக்கு ஒருமுறையும், பின் ஆறு மாதம் வரை மாதந்தோறும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் புழு மருந்து கொடுத்தல் வேண்டும். மருந்தின் அளவை நிறை கொண்டே கணிப்பர்; மாதந்தோறும் நிறுத்துக் குறித்தது இங்கும் உதவும். நாயின் மலத்தை அள்ளிக் கீரைப் பாத்திக்குத் தூரத்திற் புதைக்க.

உணவுத் தட்டு

பூச்சிநாசினி கலந்த வாளி, போத்தலை வெட்டிச் செய்த தட்டு ஆகியவற்றில் நாய்க்கு உணவும் நீரும் வைக்கலாகாது; எத்தனை முறை கழுவினும் கூடாது. களைநாசினி தெளித்த நாட்களில் வாய்க்கால் நீரைக் குடிக்க விடாது, கிணற்று நீரை வைக்க.

நாய் உண்டு விட்டுச் சென்ற மிச்சத்தை இரவிற் கிடக்க விட்டால் எலி வரும். எலியின் சிறுநீர் பட்ட தட்டிலிருந்து நாய்க்கு எலிக்காய்ச்சல் தொற்றும். பின் நாயின் சிறுநீரால் வீட்டாருக்கும் தொற்றலாம். 2008ஆம் ஆண்டு நம் நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சலென ஐயுறப்பட்டனர். நோயுற்றோரிற் பலர் வயலில் இறங்கியவர். இருபது நிமிடத்தில் உண்ணாத உணவை எடுத்துவிடுக. தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்க. இந்நோய்க்குரிய தடுப்பூசி நாய்களுக்கு உண்டு. விசர் நோய்த் தடுப்பூசி போடும்போது அதனையும் கேட்டுக்கொள்க.

எலிக்கு நஞ்சு வைக்கும் வீட்டில் நாயைக் கட்டி வைத்தே உணவூட்ட வேண்டும். நஞ்சுண்டு செத்த எலியைத் தின்னும் நாயும் சாகும். சிறு நாய்க்கு அதற்கு ஓர் எலியே போதியதாகலாம். நாய் நஞ்சுண்டதென்று ஐயம் எழுந்தால், புளிக்கரைசல், உப்பு நீர் முதலியவற்றைப் பருக்கி வாந்தியெடுக்கச் செய்ய முயலாது, நஞ்சுப் பொதியையும், வாந்தியெடுத்திருப்பின் அதிற் சிறிதளவையும் ஒரு பையிலிட்டு, நாயோடு மிருக வைத்திய அலுவலகத்துக்கு உடனே எடுத்துச் செல்க. எந்நஞ்சு என்பது தெரிந்தால் மருத்துவர் காலந்தாழ்த்தாது மருந்து கொடுக்க இயலும்.